எண்பத்திரண்டு நல்ல காதுகள்

நாலுதறி என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வீட்டைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே ஒரு நிமிஷம் தலையைச் சொறிவார். மற்றவர்கள் இரண்டு தறியை ஓட்டிவிட்டு மூச்சு வாங்குகிற கூடத்தில் அவள் ஒருத்தியாக நாலு தறியைப் பார்த்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷமாக. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அந்தச் சந்தில் அவள் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும். நாலு பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துச் சோறு ஊட்டுகிறவள் மாதிரி, இந்தப் பக்கம் அறுந்த இழைக்கு விரல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கண் அந்தப் பக்கம் போய், குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் நூல் தீரப்போவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கும்.

தகரக் கூரை போட்ட நீளமான கூடம் அது. நாற்பத்தொரு பேர், எண்பத்துச் சொச்சம் தறிகள். ஒரு தறி ஓடினால் யாரோ அவசரமாகக் கதவைத் தட்டுவது போலிருக்கும். அத்தனையும் சேர்ந்து ஓடினால் அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. அது நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிற ஒன்று. ஒரு தடவை கூரைமேல் ஆலங்கட்டி மழை கொட்டித் தீர்த்திருக்கிறது. வேலை முடிந்து வெளியே வந்து, முற்றம் முழுக்க வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "யாருப்பா உப்பைக் கொட்டினது?" என்று கேட்டவர்கள் இவர்கள்.

அந்தச் சத்தத்தில் வாயால் கத்திப் பேசினால் தொண்டைதான் கிழியும். அதனால் கூடத்துக்காரர்களுக்கு உதட்டுப்பேச்சு. குரலே இல்லாமல், உதட்டைக் கொஞ்சம் அகட்டி, புருவத்தையும் விரலையும் துணைக்கு வைத்துக்கொண்டு, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசுவார்கள். காதல், கல்யாணப் பேச்சு, நாத்தனார் சண்டை எல்லாம் அதிலேயே நடக்கும். இரண்டு பெண்கள் காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, ஒரு சொட்டுச் சத்தம் வெளியே வராமல், சாப்பாட்டு நேரத்தில் சமாதானமாகி ரொட்டியைப் பங்கு போட்டுக்கொண்டதும் உண்டு.

மேனேஜருக்குக் கூடத்தின் மூலையில் ஒரு கண்ணாடி அறை. வேலைக்காரர்களைக் கவனிக்க வேண்டும் என்று நாலு பக்கமும் கண்ணாடி போட்டிருந்தார். அவர் கவனித்தாரோ என்னவோ, நாற்பத்தொரு பேரும் அவரை நன்றாகக் கவனித்தார்கள். அவர் போனில் யாரிடம் பணிந்தார், யாரிடம் குதித்தார் என்பதெல்லாம் அத்துபடி. சாயந்திரம் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது யாராவது ஒருத்தர், "சார், உருளைக்கிழங்கு" என்பார்கள். "அட, ஆமாம்!" என்று மனைவி போனில் சொன்னதை ஞாபகப்படுத்திக்கொண்டு போவார். இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. ஏதோ நம்மேல் இவர்களுக்குப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அந்தக் கண்ணாடி அறையை முழுநேரமும் வாசிக்கிற பொறுப்பு பக்கத்துத் தறிக்காரி ஒருத்தியிடம் இருந்தது. தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள். பெயர் கேமரா.

ஒரு புதன்கிழமை. கூடத்துத் தூணில் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 'தேசியத் தொழிலாளர் உடல்நல மற்றும் பணியிடப் பாதுகாப்புக் கொள்கை' என்று தலைப்பு. தலைப்பே தூணை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. யாரும் படிக்கவில்லை. படிப்பானேன்? கேமரா இருக்கும்போது காகிதம் எதற்கு?

பத்து மணிவாக்கில் கேமராவின் புருவம் ஏறியது. நாலுதறி சந்திலிருந்தபடியே, "என்னடி?" என்று உதட்டால் கேட்டாள்.

"முதலாளிகிட்டப் பேசறார்க்கா. 'சர்க்கார் வண்டி நாளைக்கு வருதுங்க. எல்லாருக்கும் காது பாக்கறாங்களாம். காது போனவங்களை இந்தச் சத்தத்துல தறியில நிக்க விடக்கூடாதுன்னு புதுச் சட்டம்'னு சொல்றார்."

"அப்புறம்?"

"அப்புறம் ஏதோ ஃபைல் எடுக்க அந்தப் பக்கம் திரும்பிட்டார். ரொம்ப நேரம் பேசினார். முதுகு என்னத்தக்கா பேசும்?"

ஒரு நிமிஷத்தில் கூடம் முழுக்கச் செய்தி போய்விட்டது. நாற்பத்தொரு முகமும் ஒரே மாதிரி வெளுத்தன.

இதில் யாருக்குத்தான் காது முழுசாக இருந்தது? ஃபிட்டர் அண்ணனைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொட வேண்டும். அவர் தறிமேல் உள்ளங்கையை வைத்து, அது நடுங்குகிற விதத்தை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கேமராவுக்கு இடது காது போய் ஐந்து வருஷம். நாலுதறிக்கு எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. தண்ணீர் கொதிக்கிறதா என்று கெட்டிலின் மூடியில் விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் எப்போது வந்ததோ, அப்போதிலிருந்து. 'தறிக்காரிக்குக் கண்ணு ரெண்டும் நல்லாருந்தாப் போதும்' என்று சொல்லிக்கொள்வாள்.

ஆனால் தறியை விட்டு இறக்கினால்? அந்தச் சந்து இல்லாமல் அவள் எங்கே போய் நடப்பாள்?

மறுநாள் வெள்ளை வண்டி முற்றத்தில் வந்து நின்றது. அதிலிருந்து உருண்டை முகத்தோடு ஒரு பெண் இறங்கினாள். இருபத்தைந்து இருபத்தாறு வயதுதான் இருக்கும். அன்றே அவளுக்குக் காதுக்காரம்மா என்று பெயராகிவிட்டது. வண்டிக்குள் ஒரு சின்ன அறை. அதற்குள் ஒருவர் உட்கார்ந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். வெளியே அவள் பொத்தானும் பேப்பருமாக உட்கார்ந்திருப்பாள். நடுவில் கண்ணாடி.

கண்ணாடியைப் பார்த்ததும் கேமராவுக்குப் பாதி உயிர் வந்தது. முதல் ஆளாகப் போனாள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். வாசலில் நின்றபடி உதட்டை மட்டும் அசைத்தாள்.

"பொத்தானை அமுக்கும்போதெல்லாம் தனக்குள்ள எண்ணிக்கிறா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு உதடு அசையுது. அசைஞ்சா கையைத் தூக்கு. அவ்வளவுதான்!"

அவ்வளவுதான். வரிசையாகப் போனார்கள், வரிசையாக ஜெயித்தார்கள். நாலுதறி உள்ளே உட்கார்ந்து, புதிதாகப் பூத்த பூவைப் பார்ப்பது போல அந்தப் பெண்ணின் வாயையே பார்த்தாள். ஒன்று, கை. இரண்டு, கை. ஒன்றுகூடத் தவறவில்லை. ஃபிட்டர் அண்ணன் எல்லோரையும் தோற்கடித்துவிட்டார். பொத்தானில் விரல் படுவதற்கு முன்னாலேயே கை மேலே போனது.

"ஐயா, உங்களுக்கு வௌவால் காது!" என்றாள் காதுக்காரம்மா. நாலு ஊர் சுற்றியிருக்கிறாள், இப்படிக் காதுகளைப் பார்த்ததில்லை. பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சாயந்திரம் மேனேஜர் தறிகளை நிறுத்தச் சொல்லி எல்லோருக்கும் டீ வரவழைத்தார். முகமெல்லாம் பல். நிறுத்திய பின்னும் பாதிப் பேருக்குத் தலைக்குள் தறி ஓடிக்கொண்டிருந்ததால், வழக்கம்போல அவர் வாயையே பார்த்தார்கள்.

"எண்பத்திரண்டு காது! ஒரு காதுகூடப் பழுதில்ல! இந்த மாதிரிக் கூடம் தேசத்துலயே கிடையாதுன்னு சொல்றாங்க!"

கைதட்டல். ஃபிட்டர் அண்ணன் யாரோ தட்டுவதைப் பார்த்துத் தானும் தட்டினார்.

பிறகு காதுக்காரம்மா பேசினாள். "சந்தோஷம்தாங்க. சத்தத்தையும் அளந்து பாத்தேன், அது எல்லைக்கோட்டுல நிக்குது. இங்க யாருக்காவது காது பாதிச்சிருந்தா, கொள்கைப்படி உடனே தறிக்கெல்லாம் மூடி போடணும், அடியில ரப்பர் வைக்கணும், ஆளுக்கு ஆள் காதுறை குடுக்கணும். நீங்க எல்லாரும் இவ்வளவு நல்லாருக்கறதால அதெல்லாம் இப்போதைக்கு அவசியமில்ல. மூணு வருஷம் கழிச்சு மறுபடி வந்து பாக்கறேன்."

மறுபடி கைதட்டல். நாலுதறியின் கை மட்டும் டீ டம்ளரோடு நின்றுவிட்டது.

வருகிற திங்கட்கிழமை அவள் மகள் இதே கூடத்தில் வேலைக்குச் சேர்கிறாள். பத்தொன்பது வயது. ஆறாவது வரிசையில் இரண்டு தறி. மூடி இல்லாத தறி. மூன்று வருஷம்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலப் புருஷன் விளக்குக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முகத்தைக் காட்டி உட்கார்ந்தார். அவர் டவுன்பஸ் டிரைவர். நாளெல்லாம் இன்ஜினோடு கத்திவிட்டு வந்து ராத்திரி மனைவியோடு கத்துவார். எதிர்வீட்டுக்காரர்கள் இவர்கள் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதே கிடையாது. அவர்களுக்கே கேட்கும்.

"என்ன, ஜெயிச்சுட்டு வந்தவ மாதிரி இல்லையே முகம்?"

"ஜெயிச்சுட்டேங்க. அதான் கஷ்டம்."

"வருஷா வருஷம் எனக்குக் கண்ணு பாக்கறாங்க. நான் ஜெயிச்ச அன்னிக்கு உங்களுக்கெல்லாம் முட்டை வாங்கிட்டு வரேன். நீ என்னடான்னா…"

"நீங்க டாக்டரோட வாயைப் பாத்தா எழுத்தை வாசிக்கறீங்க?"

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரித்தார். சிரிப்பு நிற்க இன்னொரு நிமிஷம். "நாப்பத்தொரு பேருமா? அந்த ஃபிட்டருமா? அவன் பஸ் ஹாரனுக்கே நகர மாட்டானே!"

"வௌவால் காதாம் அவருக்கு."

சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த மகள், கத்தியைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினாள். கொடியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து பாயில் போட்டாள். ஏன் ஓடினாள் என்று நாலுதறிக்குத் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். உலர்ந்துதான் இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் முதல் கோடு கண்ணாடியில் இறங்கியது.

"மழைன்னு உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

"கேட்டுச்சும்மா. தகரத்துல ரெண்டு சொட்டு விழுந்துது."

ரெண்டு சொட்டு. நாலுதறி மகளைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி நிறுத்திக்கொண்டாள்.

"நீ திங்கட்கிழமை சேர வேண்டாம்."

"ஏம்மா! நாலு மாசமா முடிச்சுப் போட்டுப் பழகியிருக்கேன். உன் கையைவிட என் கை வேகம்னு ஃபிட்டர் மாமாவே சொன்னார்."

"கை இருக்கட்டும். காது போயிடும்."

"உனக்குப் போச்சா? நீ நாலு தறி ஓட்டலையா?"

"ஓட்டினேன். நீ சின்னதுல பள்ளிக்கூடத்துல பாடினியாம், எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்களாம். உங்கப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் உன் வாய் அசையறதைத்தான் பாத்தேன்."

புருஷன் எழுந்து போய், நன்றாக எரிகிற அடுப்பையே மறுபடி கிளறினார்.

"நான் தறி ஓட்டணும்மா. வேற எதுவும் எனக்குப் பிடிக்கல. நீ நடக்கற மாதிரி நடக்கணும்."

நாலுதறிக்கு அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. தன் நடையைப் பிள்ளை ஆசைப்பட்டால் எந்தத் தாய்க்குத்தான் கோபம் நிற்கும்?

"அந்த வண்டி இன்னும் இருக்கா?" என்று கேட்டார் புருஷன்.

"காலையில பத்து மணிக்குக் கிளம்புதாம்."

"போய்ச் சொன்னா உன் தறி போயிடுமே."

"போகும்."

"நாலும்?"

"நாலுந்தான். காது போனவளுக்கு ஒரு தறின்னு குடுப்பாங்களா என்ன?"

"அப்புறம் உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறது?"

"பெத்தவங்க வெச்ச பேர் ஒண்ணு இருக்கு. ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"இரு, யோசிக்கிறேன்" என்றார் அவர். அவள் கரண்டியை எடுத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே வண்டி வாசலில் போய் நின்றாள். காதுக்காரம்மா அப்போதுதான் ஒரு துண்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"எனக்கு மறுபடியும் பாரும்மா. நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுப் பாரு."

"எதுக்கு? நேத்துதான் அருமையா…"

"திருப்பிப் போடு கண்ணு. உன் முகம் எனக்குத் தெரியக் கூடாது."

கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எதிரே வெறும் சாம்பல் நிறச் சுவர். காதில் ஹெட்போன். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சுவரில் ஒரு ஆணி. ஆணியைச் சுற்றி ஒரு வட்டக் கறை. இந்தப் பெண் ஏன் இன்னும் ஆரம்பிக்க மாட்டேன் என்கிறாள்? ரொட்டியை முடித்துவிட்டு வரட்டும் என்று பொறுமையாக இருந்தாள். கடைசியில் ரொம்பத் தூரத்தில், பக்கத்துத் தெருவில் யாரோ கூப்பிடுவது போல ஒன்று. கையைத் தூக்கினாள். இன்னொன்று. தூக்கினாள். பிறகு மறுபடி சுவரும் ஆணியும்.

சலித்துப்போய்த் திரும்பிப் பார்த்தாள். காதுக்காரம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"எப்ப ஆரம்பிக்கப் போறே?"

"முடிச்சுட்டேன்க்கா. இருபத்துநாலு வெச்சேன். ரெண்டுக்குத்தான் கை தூக்கினீங்க."

நாலுதறி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். நேற்று ராத்திரியே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள்.

"எழுதிக்கோ. எனக்குக் காது கேக்கல. இந்தக் கூடத்துச் சத்தத்துலதான் போச்சு. நேத்து உன் உதட்டைப் பாத்துத்தான் கை தூக்கினேன். என் தறியை எடுத்துக்கச் சொல்லு, பரவாயில்ல. ஆனா மூடி போட்டுடணும். ரப்பர் வெச்சுடணும். என் பொண்ணு திங்கட்கிழமை வர்றா."

காதுக்காரம்மா அவளையே பார்த்தாள். "உங்க தறியை யாருக்கா எடுக்கறா?"

"சட்டந்தான். காது போனவங்களைத் தறியில விடக்கூடாதாமே."

"'இந்தச் சத்தத்துல' விடக்கூடாதுங்கறது முதல் பாதி. சத்தத்தை முதலாளி குறைச்சாகணும், குறைக்கற வரைக்கும் சத்தமில்லாத வேலை, அதே சம்பளம், குறைச்சதும் அவங்கவங்க தறி அவங்கவங்களுக்கு, கேக்கறதுக்குக் கருவியும் தரணும், ஒருத்தரைக்கூட வெளிய அனுப்பக் கூடாதுங்கறது மீதிப் பாதி. தூண்லயே ஒட்டியிருக்கே. நாலாவது வரி. யாரும் படிக்கலையா?"

நாலுதறி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"மீதிப் பாதியைச் சொல்லும்போது அந்த மனுஷன் முதுகைக் காட்டிட்டார்ம்மா" என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று காதுக்காரம்மாவுக்கு விளக்கி முடிப்பதற்குள், அவள் சிரித்துச் சிரித்து ரொட்டித் துண்டைக் கீழே போட்டுவிட்டாள். நாலுதறியும் சிரித்தாள். பயமெல்லாம் ஒரேயடியாக இறங்கினால் உடம்பு அப்படித்தான் குலுங்கும், அழுகையா சிரிப்பா என்று அதற்கே தெரியாது.

வண்டி வாசலில் கேமரா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். கூடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, உதட்டைப் பெரிதாக அசைத்து முழுவதையும் சொன்னாள். இந்தத் தடவை மீதிப் பாதியையும் சேர்த்து.

முதலில் ஒரு தறி நின்றது. பிறகு பக்கத்தில் ஒன்று. பத்து நிமிஷத்துக்குள் கூடமே நின்று, தகரக் கூரைமேல் புறா நடக்கிற சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதியானது. ஆனால் அதைக் கேட்கத்தான் அங்கே பெரும்பாலும் ஆளில்லை. முற்றத்தில் வரிசை நின்றது. ஒவ்வொருவராக உள்ளே போய், தாங்களே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஃபிட்டர் அண்ணன் உட்கார்ந்து வெகுநேரம் கழித்து, "அம்மா, கருவி ரிப்பேரா? வேணும்னா நான் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

மொத்தம் முப்பத்துநாலு பேருக்குக் காது பழுது. காதுக்காரம்மா நேற்றைய பேப்பரைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். மேனேஜர் ஓடி வந்தார்.

"என்னம்மா இது! நேத்து நல்லாருந்த காது ராத்திரியோட ராத்திரியா எப்படிம்மா போகும்? நேத்து எப்படிக் கை தூக்கினாங்க?"

எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் அவர்கள் கண் நிற்கிற இடத்தைப் பார்த்தார். கையால் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் கண்ணாடி அறையைப் பார்த்தார். பதினோரு வருஷம் அந்த அறைக்குள் பேசியதெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது.

"உருளைக்கிழங்கு!" என்றார் ஈனக் குரலில்.

கூடம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவரும் பாவம், எவ்வளவு நேரம்தான் முறைத்துக்கொண்டு நிற்பார்? முதலாளிக்கு அவரே போன் போட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு, மூடிக்கு, ரப்பருக்கு, காதுறைக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மறுவாரம் கண்ணாடிக்குத் திரை மாட்டிப் பார்த்தார். நாலே நாள். நாலு நாளும் கடைக்குப் போக மறந்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் திரையைக் கழற்றிவிட்டார்.

ஆறு வாரம் வேலை நடந்தது. அது முடிகிற வரை மகள் சேருவதைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டாள் நாலுதறி. பாதிப் பாதியாகத் தறிகளை நிறுத்தி அடியில் தடித்த ரப்பர் வைத்தார்கள். மேலே பஞ்சு அடைத்த மூடி. தேய்ந்துபோய்ச் சத்தம் போட்ட பழைய பாகங்களை ஃபிட்டர் அண்ணன் ஒவ்வொன்றாக மாற்றினார். ரப்பர் வைத்த பிறகு தறியின் நடுக்கம் உள்ளங்கைக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று அவருக்கு மட்டும் ஒரே வருத்தம். "ஊமையாக்கிட்டீங்களே என் பிள்ளைங்களை" என்று ஒவ்வொரு தறியாகத் தடவிக் கொடுத்துக்கொண்டு திரிந்தார்.

நாலுதறி அந்த ஆறு வாரமும் துணி மடிக்கிற அறையில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்து பழகாத உடம்பு. மடித்த துணியைக் கொண்டுபோய் வைக்கிற சாக்கில் நாளைக்கு நூறு தடவை எழுந்து நடந்தாள். கொள்கைப்படி கூடத்துக்கு ஒரு பாதுகாப்புப் பிரதிநிதியைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றபோது, சீட்டு எழுதிப் போடச் சொல்லி மேனேஜர் டப்பா வைத்தார். டப்பா வந்து சேருவதற்குள் நாற்பது உதடுகளும் அவள் பெயரைச் சொல்லி முடித்திருந்தன. சத்தம் அளக்கிற சின்னப் பெட்டியை அவள் கையில் கொடுத்தார்கள். முள் சிவப்பைத் தொட்டால் தறியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவளுக்கு. "காது கேக்காதவகிட்டச் சத்தத்தைக் குடுத்திருக்காங்க பாரு" என்று கேமரா கிண்டல் செய்தாள். "அதனாலதான் குடுத்திருக்காங்க. எனக்குத்தான் அதோட விலை தெரியும்" என்றாள் நாலுதறி.

மூன்றாவது வாரம் காதுக் கருவி வந்தது. வேர்க்கடலை அளவுதான் இருந்தது. காலையில் வீட்டில் வைத்து மகள்தான் மாட்டிவிட்டாள். நாலுதறி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி முனகியது, திடுக்கிட்டாள். தன் செருப்பு தரையில் உரசியது, குனிந்து அதைப் பார்த்தாள். அப்போது பக்கத்திலிருந்து ஒரு பயங்கரமான சத்தம். அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குகிற மாதிரி.

"என்னங்க அது!"

"எது?" என்றார் புருஷன், டம்ளரை வாயிலிருந்து எடுத்து.

"டீயை இப்படியா உறிஞ்சுவீங்க? இருபது வருஷமா இப்படித்தானா?"

"இருபது வருஷமா நீ ஒண்ணும் சொல்லலையே. உனக்குப் பிடிச்சிருக்குன்னுல்ல நினைச்சேன்!"

"அப்பா, மெதுவாப் பேசுங்க. அம்மாவுக்குக் கேக்குது" என்றாள் மகள். அவர் குரலைத் தணித்துப் பேசிப் பார்த்தார். வரவில்லை. தொண்டையே மறந்துபோயிருந்தது. ஒருவாரம் பழகித்தான் மனிதர் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். எதிர்வீட்டம்மா வந்து, "என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா? சத்தத்தையே காணோம்?" என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனாள்.

எல்லாத் தறியும் மூடி போட்டு ஓட ஆரம்பித்த திங்கட்கிழமை, வெள்ளை வண்டி மறுபடி முற்றத்துக்கு வந்தது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல்நாளே காது பார்த்து எழுதிவைக்க வேண்டும். வருஷா வருஷம் அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அதுவும் கொள்கையில் இருந்தது. இப்போது தூணில் இருக்கிற நோட்டீஸை எல்லோரும் படித்திருந்தார்கள். கேமரா மனப்பாடமாகவே ஒப்பிப்பாள்.

மகள் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அம்மா அவளுக்கென்று வெட்டித் தைத்த நீல நிற மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நாலுதறியின் தறிகள் நாலும் உள்ளே அவளுக்காகக் காத்திருந்தன. "உள்ள போங்கக்கா, பொண்ணை நான் பாத்துக்கறேன்" என்று கேமரா தள்ளிவிட்டாள். நாலுதறி போகவில்லை. வண்டிக் கதவோரம் நின்றுகொண்டாள்.

காதுக்காரம்மா நாற்காலியைத் தானே திருப்பிப் போட்டாள். தன் வாய் மட்டும் மறைகிற அளவுக்குக் கண்ணாடியில் ஒரு துண்டையும் தொங்கவிட்டாள். பிறகு நாலுதறியைப் பார்த்து விரலை ஆட்டினாள்.

"அக்கா, பாத்துட்டு நில்லுங்க. ஆனா உதடு அசையக் கூடாது."

நாலுதறி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. கை மேலே போனது. இறங்கியது. மறுபடி போனது. நாலுதறி மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஒன்பது. பத்து. இருபதுக்குமேல் சத்தம் நூல் மாதிரி மெலிந்துவிடும் என்று காதுக்காரம்மா சொல்லியிருந்தாள். இருபத்தொன்று. இருபத்திரண்டு. அவளுக்கு அங்கே ஒன்றும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் மகளின் கை மட்டும் எழுந்தது, இன்னும் எழுந்தது. இருபத்துநான்காவது தடவை எழுந்தபோது, எதையோ மேலேயிருந்து பறிப்பது போல விரல்கள் விரிந்தன. மகள் கண்ணை மூடியபடியே சிரித்தாள்.